கதிர்வீசும் கழுத்தோடு ரியூகனுக்கு

நோர்வேயில் பெப்ரவரியில் விடுமுறை கிடைத்தால் வசதியுள்ளவர்கள் ஸ்பெயினுக்குப் போவார்கள். எங்களைப் போன்றவர்கள் ஸ்தவாங்கரில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய் நாலு நாள் சாப்பிட்டுவிட்டு வருவோம். நான் 2008 பெப்ரவரியில், செப்டெம்பர் கடைசியில் இருந்து மார்ச் நடுப்பகுதி வரை வெயிலே விழாத ஒரு பள்ளத்தாக்குக்குத் தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு போனேன். ஊரின் பெயர் ரியூகன். ஒஸ்லோவில் இருந்து மேற்கே கிட்டத்தட்ட நூற்றெண்பது கிலோமீட்டர். அணுவின் வரலாற்றில் ஆசை உள்ளவர்கள் நோர்வேயில் பார்க்கவேண்டிய முதலாவது இடம் அதுதான். எனக்கு அப்போது அந்த ஆசை துளியும் இருக்கவில்லை. அணு எனக்குள்ளேயே இருந்தது.

விளக்கமாகச் சொல்கிறேன். ஒரு வருடமாக என் தைரொயிட் சுரப்பி தலைகால் தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தது. கை நடுக்கம், நெஞ்சுப் படபடப்பு, எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது. மருந்து கேட்கவில்லை. கடைசியில் கதிரியக்க அயடீன் தருவதென்று வைத்தியசாலையில் முடிவெடுத்தார்கள். தைரொயிட் அயடீனை எங்கே கண்டாலும் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்தப் பேராசையைப் பயன்படுத்தி, கதிர்வீசும் அயடீனைத் தின்னக் கொடுத்து அதைச் சுட்டுவிடுகிறார்கள். ஒரேயொரு குளிசை. தாதி கையுறை போட்டுக்கொண்டு, ஈயச் சாடிக்குள் இருந்து அதை எட்டத்தில் நின்றே எனக்கு நீட்டினா. நான் அதை வெறும் வாயால் வாங்கி விழுங்கினேன். விழுங்கி முடித்ததும் அவ புன்னகையோடு இரண்டடி பின்னால் போனா.

வீட்டுக்கு வரும்போது கையில் ஒரு தாள் தந்தார்கள். பதினான்கு நாளைக்குச் சின்னப் பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் விட்டு இரண்டு மீற்றர் தள்ளி இரு, தனியாகப் படு, நிறையத் தண்ணீர் குடி, வியர்வையிலும் அயடீன் வெளியேறும் என்பதால் தினமும் குளி. நான் வேலை செய்வது ரொம்சோஸில் ஒரு பாலர் பாடசாலையில். ஆகவே அந்த இரண்டு கிழமையும் வைத்தியர் லீவு எழுதித் தந்தார். அடுத்தவர் பிள்ளைகள் பிரச்சினை அப்படித் தீர்ந்தது. சொந்தப் பிள்ளைதான் மிச்சம்.

எங்கள் வீடு வெஸ்ட்லியில், சுரங்க ரயில் போய் நிற்கும் கடைசி இடத்தில், ஐந்தாம் மாடி. கணவர் செல்வன் பஸ் ஓட்டுகிறார். மகள் மீனுவுக்கு அப்போது மூன்று வயது முடிந்து இரண்டு மாதம். அவள் நித்திரை கொள்ளும் விதம் ஒன்றுதான்: என் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்து, மூக்கு என் தொண்டையில் முட்ட. வேறு எப்படிப் படுக்கவைத்தாலும் கண் மூடமாட்டாள். சின்ன அறையில் நான் கதவைப் பூட்டிக்கொண்டு படுக்க, அவள் வெளியில் நின்று கதவைத் தட்டினாள். முதலாம் இரவும் அப்படி, இரண்டாம் இரவும் அப்படி.

செல்வன் நல்ல மனுசன். ஆனால் அந்தத் தாளை அவர் வாசித்த விதம் வேறு. நாலு மாதத்துக்கு முன்தான் யாழ்ப்பாணத்தில் அவருடைய தகப்பனார் காலமாகி, நாங்கள் இங்கே முப்பத்தொரு நாள் துடக்குக் காத்தோம். தமிழ்நாட்டு வாசகர்களுக்கு: நீங்கள் தீட்டு என்பதைத்தான் நாங்கள் துடக்கு என்கிறோம். கோயிலுக்குப் போகவில்லை, கொண்டாட்டங்களுக்குப் போகவில்லை. முப்பத்தோராம் நாள் தலையில் தோய்ந்தோம், அதாவது தலைக்குக் குளித்தோம், கழிந்தது. தள்ளி இரு, தனியாகப் படு, தினமும் குளி என்று எழுதிய தாளைக் கண்டதும் அவருக்கு இது நன்றாகத் தெரிந்த பாடமாகப் போய்விட்டது. மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. நான் வழக்கம்போலத் தலையில் தோய்ந்தேன். அன்று இரண்டு இரவு அழுத களைப்பில் அறைக் கதவைப் பூட்ட மறந்து, செத்த பிணம் போல நித்திரையாகிவிட்டேன்.

விடியக் கண் விழித்தபோது மீனு என் பக்கத்தில் இருந்தாள். முகம் என் கழுத்துக்குள். அவளுடைய மூச்சு என் தொண்டையில் சூடாகப் பட்டுக்கொண்டிருந்தது. அயடீன் முழுவதும் போய்ச் சேர்ந்து உட்கார்ந்திருக்கும் இடம் அதுதான்.

நான் போட்ட சத்தத்தில் அவள் கட்டிலில் இருந்து விழப் பார்த்தாள். அவளைத் தள்ளிவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். செல்வன் ஓடி வந்தார்.

"ஆர் இவளை இஞ்சை கொண்டுவந்து விட்டது?"

"நான்தான். பிள்ளை ஒரே அழுகை. நீரும் தோஞ்சிட்டீர்தானே? பிறகென்ன?"

"தோஞ்சாப் போறதுக்கு இது என்ன துடக்கா? உள்ளுக்கை கிடந்து எரியுது! எத்தினை மணிக்கு விட்டனீங்கள்?"

அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு மீனுவைப் பார்த்தார். முகம் வெளிறிப்போயிற்று. "பத்து மணி இருக்கும்" என்றார். ஒரு முழு இரவு. மீனு கதவோரம் நின்று எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை.

வைத்தியசாலைக்குப் போன் எடுத்தேன். சனிக்கிழமை, அந்தப் பிரிவு பூட்டு. யாரோ ஒரு தாதி, அவசரம் என்றால் அவசரப் பிரிவுக்கு வாருங்கள், இல்லையென்றால் திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு எடுங்கள் என்றா. இது அவசரமா இல்லையா என்பதே எனக்குத் தெரியாது. காய்ச்சலா, இரத்தமா, எதுவுமில்லை. பிள்ளை மேசையில் இருந்து பாண் சாப்பிடுகிறது. எனக்கு ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது: இந்த வீட்டில் நான் இருந்தால் அவள் திரும்பவும் வருவாள்.

பாலர் பாடசாலையில் என் பொறுப்பாளர் பேரித். அவவின் பெற்றோருக்கு ரியூகனில் வீடு. குளிர்காலம் முழுவதும் அவர்கள் ஸ்பெயினில். தேவைப்பட்டால் போய் இரு என்று பேரித் முன்பே சொல்லியிருந்தா. நான் சிரித்து மறுத்திருந்தேன். அன்று காலை பத்து மணிக்கு அவவுக்கு எடுத்தேன். பதினொன்றரைக்கு நான் வீதியில் இருந்தேன்.

பாதையைச் சொல்கிறேன். ஒஸ்லோவில் இருந்து திரம்மன், அங்கிருந்து கொங்ஸ்பெர்க், பிறகு நோட்டோடன். நோட்டோடன் தாண்டியதும் பெரிய வீதியை விட்டு வடக்கே திரும்பவேண்டும். கோடையில் இரண்டே முக்கால் மணித்தியாலம். பனிக்காலத்தில் மூன்றரை என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் நோட்டோடனில் ஆள் இல்லாத பம்பில் பெற்றோல் அடித்தேன். கோப்பி வாங்கவில்லை. கடைக்குள் ஒரு பெண் தள்ளுவண்டியில் கைக்குழந்தையோடு நின்றா. கண்ணாடிக்கு வெளியே நின்று அவ போவாவா என்று பார்த்துக்கொண்டிருந்தேன், அவ போகவில்லை. நான் போய்விட்டேன்.

வழியில் தின் ஏரியைக் கடந்தேன். வெயில் நன்றாக எறித்துக்கொண்டிருந்தது. பிறகு பள்ளத்தாக்கின் வாய் வந்தது. அதற்குள் நுழைந்ததும் வெளிச்சம் மாறியது. இருட்டு என்று சொல்ல முடியாது. பட்டப்பகல்தான், வானம் நீலம்தான், வடக்கு மலையின் உச்சியில் மஞ்சள் வெயில் பளிச்சென்று கிடக்கிறது. ஆனால் அது அங்கேயே நின்றுவிடுகிறது. கீழே வீடுகள், பனி, மரங்கள், ஆட்கள் எல்லாம் ஒரே சாம்பல் நீலம். சிறிது நேரம் என்ன குறைகிறது என்று பிடிபடவில்லை. ஒரு முதியவர் நாயோடு வீதியைக் கடந்தார். அப்போதுதான் கண்டேன். அவருக்கும் நிழல் இல்லை, நாய்க்கும் நிழல் இல்லை.

பேரித்தின் பெற்றோர் வீடு ஆற்றங்கரையில் இருந்தது. மரவீடு, இரண்டு மாடி. சுவரெல்லாம் ஸ்பெயின் கடற்கரைப் படங்கள். என் சோற்றுப் பானையையும் படுக்கை விரிப்புகளையும் நானே கொண்டு போயிருந்தேன். அவர்களுடைய சாமான்களில் எதையும் தொடப் பயம். அன்று பின்னேரம் குசினி மேசையில் தனியாக இருந்து பருப்பும் சோறும் சாப்பிடும்போது என் சாப்பாட்டுச் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. வீட்டுக்கு எடுத்தேன். மீனு நன்றாக இருக்கிறாள் என்று செல்வன் சொன்னார். "போனை அவளிட்டைக் குடுங்கோ" என்றேன். அவள் வரமாட்டேன் என்றாளாம். கோபமாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குள் இருந்தால் பைத்தியம் பிடிக்கும் போல இருந்தது. வெமோர்க்குக்குப் போனேன். ஊரில் இருந்து மேற்கே ஏழு கிலோமீட்டர். காரை ஒரு தொங்குபாலத்துக்கு இந்தப் பக்கம் விடவேண்டும். பாலத்துக்குக் கீழே செங்குத்தான பிளவு, அடியில் ஆறு. அக்கரையில் மலையைக் குடைந்து ஒட்டவைத்தது போல ஒரு பிரமாண்டமான கல் கட்டடம். ஒரு காலத்தில் உலகத்திலேயே பெரிய நீர்மின் நிலையம். பாலத்தில் இருந்து மேலே நடக்கக் கால் மணித்தியாலம் ஆகும். பனியில் வழுக்கும், நல்ல சப்பாத்து போடுங்கள்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கே மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து, ஐதரசன் எடுத்து, உரம் செய்தார்கள். அப்படிப் பிரிக்கும்போது கடைசியில் கொஞ்சமாகத் தேங்கி நிற்பது பாரநீர். எங்கள் இலங்கைப் புத்தகத்தில் பாரநீர், தமிழ்நாட்டில் கனநீர் என்பீர்கள். பார்க்க, குடிக்கத் தண்ணீர்தான். எடை சற்றுக் கூட. அணு உலைக்குள் பாயும் நியூத்திரன்களை வேகம் குறைக்க அது உதவும் என்று தெரிந்ததும், உரத் தொழிற்சாலையின் மிச்சத்துக்காக நாடுகள் சண்டை பிடித்தன. ஜேர்மனியர் நோர்வேயைப் பிடித்ததும் இதைப் பிடித்தார்கள். 1943 பெப்ரவரியில் நோர்வே இளைஞர் ஒன்பது பேர் அந்தப் பிளவுக்குள் இறங்கி, மறுபக்கம் ஏறி, நிலவறையில் பாரநீர் சேர்த்த கலங்களைத் தகர்த்தார்கள். ஒரு உயிர்கூடப் போகவில்லை. அந்தத் தொழிற்சாலைக் கட்டடத்தை எழுபதுகளில் இடித்துவிட்டார்கள். நிலவறை மண்ணுக்குள் புதைந்து கிடக்கிறது. மின் நிலையத்தின் முன்னால் இருக்கும் வெறும் பனிவெளியில் நின்றால் அதன் தலைக்குமேல் நிற்கிறோம்.

மின் நிலையம் இப்போது அருங்காட்சியகம். நான் போனபோது என்னைத் தவிர வேறு பார்வையாளர் இல்லை. வழிகாட்டியாக இருந்தவள் சீரி என்ற மாணவி, இருபத்திரண்டு இருபத்துமூன்று வயதிருக்கும். உள்ளே போனால் ஒரு மண்டபம், இந்த முனையில் நின்று பார்த்தால் மறுமுனையில் நிற்பவரின் முகம் தெரியாத நீளம். பத்துச் சுழலிகள் வரிசையாக, ஒவ்வொன்றும் ஒரு லொறி அளவு, எல்லாம் நிறுத்தப்பட்டவை. நடக்கும் காலடிச் சத்தம் முன்னால் போய்த் திரும்பி வந்தது.

மண்டபத்தின் ஆரம்பத்தில் ஒரு மேசை. பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்ட, கதிர்வீச்சை எண்ணும் ஒரு கைகர் கருவியும், முள்ளுக்கு ரேடியம் பூசிய ஒரு பழைய கைக்கடிகாரமும். கருவி எப்போதாவது ஒரு முறை டிக் என்றது. மண்ணில் இருந்தும் வானத்தில் இருந்தும் வருவது, எங்கேயும் எப்போதும் இருப்பது என்று சீரி சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கிட்டப் போகப் போக டிக் டிக் என்று கூடியது. நான் அதைக் கவனிக்கவில்லை, அவள்தான் கவனித்தாள். கடிகாரத்தை எடுத்துத் தூர வைத்தாள். கூடவே செய்தது. பற்றரியைக் கழற்றிப் போட்டாள். மேசையைச் சுற்றி வந்து, கருவியைத் தூக்கி யன்னல் பக்கம் நீட்டிப் பார்த்தாள், குறைந்தது. திரும்பினாள். கருவி என் பக்கம் வந்ததும் எண்ணெய்ச் சட்டியில் கடுகு போட்டது போலப் பொரியத் தொடங்கியது.

"நான்தான்" என்றேன். "மன்னிக்கவேணும். புதன்கிழமை அயடீன் குடித்தனான். தைரொயிட்."

அவள் ஒரு அடி பின்னால் போனாள். அதே கணம் பின்னால் போனதற்காக முகம் சிவந்தாள். "நான் அப்படிச் செய்திருக்கக்கூடாது" என்றாள்.

"எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள்" என்றேன். "நீங்கள் கர்ப்பமா?"

"இல்லை, இல்லை!"

"அப்ப பயமில்லை. ஆனால் கிட்ட வராதீங்கோ."

ஏனென்று தெரியவில்லை, அந்த வெறும் மண்டபத்தில் நின்று முன்பின் தெரியாத அந்தப் பெண்ணிடம் மீனுவைப் பற்றிச் சொன்னேன். வெள்ளி இரவைப் பற்றிச் சொன்னேன். என் நோர்வே மொழி அழும்போது நொண்டும், ஆனாலும் சொன்னேன். கேட்டுவிட்டு அவள் கருவியைப் பார்த்தாள். பிறகு, "எவ்வளவு தூரத்தில் நின்றால் இது அடங்கும் என்று பார்ப்போமா?" என்றாள்.

கருவியை மேசையில் வைத்தாள். அவள் அதற்குப் பக்கத்தில் நின்றாள். நான் பின்னுக்குப் பின்னாக நடந்தேன், சுழலிகளைக் கடந்து. முதலாவது சுழலி. இரண்டாவது. கருவியின் சத்தம் அந்த மண்டபம் முழுவதும் கேட்டது. நின்றுபோன இயந்திரங்களுக்கு நடுவில் ஓடிக்கொண்டிருந்த ஒரே இயந்திரம் நான்தான் என்று தோன்றியது. மூன்றாவது சுழலியில் சத்தம் மெலிந்தது. நாலாவதைத் தாண்டும்போது சீரி கையை உயர்த்தினாள். நான் நின்றேன். அவளுடைய முகம் சின்னதாகத் தெரிந்தது. டிக். கொஞ்சம் மௌனம். டிக். நான் இந்த உலகத்தில் இல்லாதது போல ஆவதற்கு அவ்வளவு தூரம் தேவைப்பட்டது.

திரும்பி வந்து நான் ஒரு பிழையான வேலை செய்தேன். கருவியைத் தரும்படி கேட்டேன். வேண்டாம் என்று அவள் சொன்னாள். நான் எடுத்துக் கழுத்தில், மீனு மூக்கை வைத்திருந்த அதே இடத்தில் வைத்தேன். டிக் டிக் எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே இரைச்சல் ஆனது. பிள்ளை அந்த இரைச்சலுக்குள்தான் விடிய விடிய நித்திரை கொண்டிருக்கிறது. ஒரு சத்தமும் கேட்காமல். சீரி வந்து கருவியை என் கையில் இருந்து வாங்கினாள். இந்த முறை அவள் பின்னால் போகவில்லை.

"இது எல்லாவற்றையும் எண்ணும்" என்றாள். "ஆபத்தா இல்லையா என்று இதுக்குச் சொல்லத் தெரியாது. நாளைக்கு வைத்தியசாலைக்கு எடுங்கள்."

அந்த இரவு எப்படிப் போனது என்று எழுதப்போவதில்லை. அரைவாழ்வுக்காலம் பற்றி மட்டும் யோசித்தேன். இந்த அயடீன் எட்டு நாளில் பாதியாகும். இன்னும் எட்டு நாளில் அந்தப் பாதியில் பாதி. அதன் பாதி, அதன் பாதி. துடக்குக்கு ஒரு கழிவுநாள் உண்டு, அன்று தோய்ந்துவிட்டு நிமிரலாம். இதற்கு அப்படி ஒரு நாள் இல்லை, தேய்ந்துகொண்டே போகும். பதினான்கு என்பது யாரோ ஒருவர் போதும் என்று போட்ட கோடு. செல்வனை அன்றுதான் கொஞ்சம் மன்னித்தேன். மனுசருக்கு ஒரு முடிவுநாள் தேவைப்படுகிறது.

திங்கள் ஒன்பது மணி. வைத்தியசாலையின் பௌதிகவியலாளர் ஒரு பெண், நிதானமான குரல். எத்தனை மணித்தியாலம், எந்தப் பக்கம், எவ்வளவு நெருக்கம், பிள்ளையின் நிறை எவ்வளவு, எல்லாம் கேட்டா. நான் சொல்லச் சொல்ல மறுபக்கத்தில் விசைப்பலகை தட்டும் சத்தம். பிறகு சொன்னா: "பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. பரிசோதனையும் தேவையில்லை. ஒரு இரவு. எங்கள் விதிகள் இறுக்கமானவை, அதனால்தான் ஒரு இரவு பிசகினாலும் தாங்கும்."

"நிச்சயமாகவா?"

"நிச்சயமாக. ஆனால் மிச்ச நாளுக்கு இனி வேண்டாம்."

நான் போனை வைத்துவிட்டு அந்தக் குசினித் தரையில் இருந்து ஒப்பாரி வைத்து அழுதேன். வாய்விட்டு, ஊருக்கே கேட்கும்படி. ஆற்றங்கரை வீடு, கேட்க ஆள் இல்லை. அதுவும் வசதிதான். அழுது முடித்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு கேபிள் காருக்குப் போனேன்.

இந்தக் கேபிள் காரைக் கட்டாயம் பாருங்கள். வெயில் காணாத ஊர்மக்கள் மேலே போய் வெயில் காயவேண்டும் என்பதற்காகவே 1928இல் கட்டிய ஒன்று. சின்னச் சிவப்புப் பெட்டி. போகவர நாற்பத்தைந்து குரோனர், நாலைந்து நிமிடத்தில் உச்சி. பிள்ளைகளோடு ஒரு குடும்பம் நின்றது. அவர்கள் போகட்டும், நான் அடுத்ததில் தனியாகப் போகிறேன் என்று இயக்குபவரிடம் சொன்னேன். வழுக்கைத் தலைக்காரர், காதில் பென்சில்.

"தனியாகவா? உயரத்துக்குப் பயமில்லையா?"

"ஆட்களுக்குத்தான் பயம்."

"அப்படியென்றால் நீங்கள் இந்த ஊருக்கு ஏற்ற ஆள்" என்று சிரித்தார். எவ்வளவு நாள் இப்படி இருட்டில் இருப்பீர்கள், கஷ்டமில்லையா என்று கேட்டேன். "மார்ச் பன்னிரண்டாம் திகதி அளவில் சதுக்கத்துக்கு வெயில் வரும். அது வரைக்கும் நாங்கள் அதைப் பற்றிக் கதைப்பதில்லை" என்றார்.

பெட்டி மேலே போக, ஒரு கோட்டைத் தாண்டுவது கண்ணுக்குத் தெரிகிறது. ஒரு கணம் சாம்பல், மறு கணம் பொன். மேலே இறங்கிப் பனியில் நின்றேன். கண் கூசியது. எனக்கு முன்னால் என் நிழல் நீளமாகக் கிடந்தது. இரண்டு நாளுக்குப் பிறகு அதைக் கண்டதும் யாரோ என்னோடு வந்திருப்பது போல இருந்தது.

மிச்ச நாட்களில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். பள்ளத்தாக்கின் கிழக்கு முனையில், தின் ஏரிக்கரையில், 'மேல்' என்ற பெயருள்ள இடம். ரயில் தண்டவாளம் கரைக்கு வந்து நேரே தண்ணீருக்குள் போய் முடிகிறது. முன்பு பெட்டிகளை அப்படியே படகில் ஏற்றி அக்கரைக்குக் கொண்டு போவார்கள். 1944 பெப்ரவரியில் ஜேர்மனியர் மிச்சமிருந்த பாரநீரைப் பீப்பாய்களில் அடைத்து இங்கே படகேற்றினார்கள். நோர்வே எதிர்ப்பு இயக்கத்தினர் அடித்தட்டில் குண்டு வைத்தார்கள். ஊர்ச்சனமும் அதே படகில் போகும் என்று அவர்களுக்குத் தெரியும். எச்சரித்தால் திட்டம் வெளியே வந்துவிடும். எச்சரிக்கவில்லை. பதினெட்டுப் பேர் இறந்தார்கள், பெரும்பாலானோர் ஊர்க்காரர். ஈழத்தில் பிறந்த நான் இந்தக் கணக்கைச் சரியென்றோ பிழையென்றோ சொல்ல மாட்டேன். எங்கள் மண்ணிலும் பல பேர் போட்ட கணக்குத்தான். ஏரி நானூறு மீற்றருக்கும் மேல் ஆழம். சில வருடங்களுக்கு முன் ஒரு பீப்பாயை வெளியே எடுத்துத் திறந்து சோதித்தார்களாம். உள்ளே பாரநீர் வைத்தது வைத்தபடி இருந்ததாம். பாரநீருக்குத் தேய்வு கிடையாது. அந்தக் கரையில் பத்து நிமிடத்துக்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. தண்ணீர் அவ்வளவு அமைதியாக இருந்தது.

போர் முடிந்து 1951இல், இதே வெமோர்க் பாரநீரைக் கொண்டு, ஒல்லாந்தரிடம் இருந்த யுரேனியத்தோடு, ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் ஷெல்லரில் ஒரு ஆய்வு உலையைத் தொடங்கினார்கள். ஒரு சில பெரிய நாடுகள் மட்டும் வைத்திருந்ததை இந்தச் சின்ன நாடு வைத்தது. குண்டு செய்யவில்லை. வைத்தியசாலைகளுக்குக் கதிரியக்க மருந்துப் பொருள் செய்து அனுப்பினார்கள். என் குளிசை எங்கே செய்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் எனக்குக் குளிசை தரும் அறிவு வந்த வழியில் இந்த ஏரி கிடக்கிறது. பின்னேரம் நடக்கும்போதெல்லாம் அதைத்தான் யோசித்தேன், யோசித்து நன்றி சொல்வதா பயப்படுவதா என்று முடிவுக்கு வரவில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். ரியூகனுக்கு ஒஸ்லோவில் இருந்து பஸ்ஸும் உண்டு, நோட்டோடனில் மாறவேண்டி வரலாம். ஆனால் வெமோர்க்குக்கும் ஏரிக்கும் கார் இருந்தால்தான் சுகம். அருங்காட்சியகம் குளிர்காலத்தில் குறைந்த நேரமே திறந்திருக்கும், முதலில் போன் பண்ணிக் கேளுங்கள். மின் நிலைய மண்டபம் வெளியைவிடக் குளிர், உள்ளே போகிறோமே என்று ஜக்கெற்றைக் காரில் விட்டுவிடாதீர்கள். மலைவீதியில் கலைமான்கள் குறுக்கே வரும். சோறு கறி கிடைக்காது, அரிசி கொண்டுபோங்கள். வெயில் வேண்டுமென்றால் ஜூனில் போங்கள். அந்த ஊர் எப்படிப்பட்டது என்று அறிய வேண்டுமென்றால் பெப்ரவரியில், மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு, சதுக்கத்தில் நின்று காலடியைப் பாருங்கள். அயடீன் குடித்தவர்களுக்கு: உங்கள் வைத்தியர் சொல்வதைக் கேளுங்கள், என் கதையைக் கேட்காதீர்கள். பக்கத்தில் படுக்கும் மனுசருக்கு அந்தத் தாளை நீங்களே இரண்டு முறை வாசித்துக் காட்டுங்கள்.

பதினான்கு நாளும் முடிந்து புதன்கிழமை. புறப்படுமுன் பௌதிகவியலாளருக்கு எடுத்து இன்னொரு முறை உறுதிப்படுத்திக்கொண்டேன். "போய்ப் பிள்ளையைத் தூக்குங்கள்" என்றா. மூன்றரை மணித்தியால வழியை எப்படி ஓட்டினேன் என்று தெரியவில்லை. வெஸ்ட்லியில் காரை விட்டு, லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் ஐந்து மாடியும் ஏறினேன்.

செல்வன் கதவைத் திறந்தார். மீனு குசினி வாசலில் நின்றாள். நான் முழங்காலில் இருந்து கைகளை விரித்தேன். அவள் இரண்டு எட்டு வைத்து நின்றுவிட்டாள். கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கோத்து வைத்திருந்தாள்.

"போ மீனு" என்றார் செல்வன். "இனிப் போகலாம். அம்மாவுக்கு எல்லாம் சுகம்."

அவள் தலையை ஆட்டினாள். மாட்டேன் என்ற ஆட்டல்.

"பிள்ளைக்கு அம்மாவோடை கோபமே?" என்று கேட்டேன்.

"இல்லை." என்னைத் தொடாமல், கவனமாக, எட்டத்தில் நின்றபடி சொன்னாள்: "நான் தொட்டா அம்மாவுக்கு நோகும். அம்மா கத்துவா. பிறகு திருப்பிப் போயிடுவா."

பன்னிரண்டு நாளாக எத்தனை மீற்றர், எத்தனை மணித்தியாலம், எத்தனை பாதி என்று கணக்குப் பார்த்தேன். என்னிடமிருந்து அவளுக்கு என்ன போனது என்று கருவி வைத்து அளந்தேன். என்னைக் கெடுத்தது தான்தான் என்று மூன்று வயதுப் பிள்ளை நம்பிக்கொண்டு, தன் கைகளைத் தானே கட்டி வைத்திருந்தது என் மண்டைக்குள் ஒரு தடவைகூட வரவில்லை. செல்வன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவள் வரமாட்டாள் என்று தெரிந்து, நானே முழங்காலில் நகர்ந்து போனேன். அவளை அணைத்து, முதுகுக்குப் பின்னால் கோத்திருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்கினேன். சின்ன விரல்கள்தான். ஆனால் அவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருந்தாள்.